எதிர்வீட்டில் விளக்கு எரியவில்லை

மூன்று வருடத்துக்கு முன்பு நடந்தது. பிரான்ஸ் நாட்டின் மேற்குப் பக்கம், கடலை ஒட்டிய ஊர் ஒன்றில் பத்து வாரம் இருந்தேன். நவம்பரில் போய் ஜனவரியில் திரும்பினேன்.

நான் சிங்கப்பூர்க்காரன். செங்காங்கில் வீடு. துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் குழாய் பொருத்தும் வேலை. வேறு வேலை தெரியாது. நாங்கள் குழாய் மாற்றிய கப்பல் ஒன்று அந்த ஊர்த் துறைமுகத்தில் போய் நின்றிருந்தது. மிச்ச வேலையை அங்கேயே முடிக்க மூன்று பேரை அனுப்பினார்கள். மற்ற இரண்டு பேரும் சீனர்கள். அவர்களுக்குத் துறைமுகம் பக்கத்தில் ஓர் அறை கிடைத்தது. அதில் மூன்றாவது கட்டில் போட இடமில்லை. எனக்குத் தனியாக ஒரு வீடு பார்த்துக் கொடுத்தார்கள்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு என் மனைவி என்னைத் தேக்கா சந்தைக்கு இழுத்துப் போனாள். ஊறுகாய், பருப்பு, மிளகாய்த்தூள், காய்ந்த நெத்திலி என்று பை நிறைந்துவிட்டது.

“பருப்பு இன்னும் ரெண்டு பாக்கெட் எடுங்க. அங்க கிடைக்காது லா.”

“மனுஷன் இருக்கிற ஊருதானே. கிடைக்கும்.”

“கிடைக்கலன்னா ரொட்டியத் தின்னுட்டு வயித்து வலின்னு எனக்குத்தான் போன் பண்ணுவீங்க.”

எடுத்துக்கொண்டேன். அவளோடு வாதாடி ஜெயித்தது இல்லை.

அந்த ஊருக்குப் போன மறுநாள் காலை கடலைப் பார்க்கப் போனேன். கடல் அங்கே இல்லை. படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தன. தண்ணீர் எங்கேயோ தூரத்தில் ஒரு கோடு மாதிரி தெரிந்தது. சாயங்காலம் வேலை விட்டு வந்தபோது அதே இடத்தில் தண்ணீர் சுவர் வரைக்கும் நின்றது. நம் ஊரிலும் கடல் ஏறும், இறங்கும். இப்படிக் காணாமல் போய் நான் பார்த்ததில்லை. பத்து வாரமும் தினம் அதைப் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். பழகவே இல்லை.

காலை எட்டரைக்கும் இருட்டாக இருக்கும். சாயங்காலம் ஐந்துக்கு மறுபடி இருட்டிவிடும். நடுவில் இருக்கிற வெளிச்சமும் அழுக்குத் துணி மாதிரி. மத்தியானம் கடைகளைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஆளே இருக்காது. கடற்பறவைகள் மட்டும் குழந்தை அழுகிற மாதிரி கத்தும். ஒரு புதன்கிழமை நண்பகலில் ஊர் முழுக்கச் சங்கு ஊதியது. நான் குழாயைக் கீழே போட்டுவிட்டு ஓடப் பார்த்தேன். உள்ளூர் ஆட்கள் சிரித்தார்கள். மாதாமாதம் முதல் புதன் சோதனைக்கு ஊதுவார்களாம்.

எனக்குக் கொடுத்த வீடு பழைய கட்டடத்தின் நான்காம் மாடி. லிஃப்ட் கிடையாது. கீழே உள்ள வீடுகள் கோடைக்காலத்தில் கடலுக்கு வருகிறவர்களுடையது. குளிர் வந்ததும் மரக்கதவுகளைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள். தபால் பெட்டிகளில் விளம்பரத் தாள் பிதுங்கிக்கொண்டிருந்தது. நான்காம் மாடியில் இரண்டு கதவு. ஒன்று என்னுடையது. எதிரே இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் படி இறங்கும்.

படிக்கட்டு விளக்குக்குச் சுவரில் ஒரு பொத்தான். அழுத்தினால் எரியும். கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். நான் மூன்றாம் மாடி தொடுவதற்குள் தினமும் அணையும். மிச்சப் படியைக் கையால் தடவித்தான் ஏறுவேன்.

வீட்டுக்குள் செருப்புப் போட எனக்கு வராது. செங்காங்கில் எல்லாரும் வாசலில்தான் விடுவோம். அங்கேயும் அப்படியே செய்தேன். வேலைச் சப்பாத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு உள்ளே வைப்பேன். செருப்பைக் கழற்றிய இடத்தில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்துவேன்.

இரண்டாம் நாள் காலை கதவைத் திறந்தேன். செருப்பு இரண்டும் ஜோடியாக, ஒட்டி, படியைப் பார்த்துத் திரும்பியிருந்தன. சுவர் ஓரமாக இருந்தன.

நான் அப்படி விடவில்லை. என் மனைவி வருடக்கணக்காகத் திட்டியும் ஜோடியாக விடாதவன் நான்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

எதிர்வீட்டில் ஆள் இருக்கிறதா என்று கவனித்தேன். சாயங்காலம் சட்டியில் வெங்காயம் வதங்கும் வாசனை வரும். ரேடியோ மெதுவாகப் பேசும். ஒரு கோப்பையை வைக்கிற சத்தம், நாற்காலி நகர்கிற சத்தம். ஆனால் கதவுக்கு அடியில் வெளிச்சக் கோடு இருக்காது. கீழே தெருவில் நின்று பார்த்தேன். அந்த வீட்டு ஜன்னலில் மரக்கதவு திறந்துதான் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு. ஏழு மணிக்குப் பார்த்தேன், கறுப்பு. ஒன்பதுக்கும் கறுப்பு. இருட்டில் யாரோ வெங்காயம் நறுக்குகிறார்கள். இருட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

மனைவிக்கு போனில் சொன்னேன்.

“கரண்டு பில்லு கட்டியிருக்க மாட்டாங்க,” என்றாள்.

“ரேடியோ பாடுது.”

“பேட்டரி ரேடியோவா இருக்கும். சும்மா எதையாவது நினைக்காதீங்க லா. பையில திருநீறு வச்சுவிட்டேனே, பூசுறீங்களா?”

“பூசுறேன்.”

“அப்புறம் என்ன?”

ஊருக்குள் ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார் ஓர் இலங்கைத் தமிழர். வெண்டைக்காய் வாங்கப் போய்ப் பழக்கம். நல்ல மனிதர், வாய் ஓயாது. அந்த ஊர் நடப்பெல்லாம் அவரிடம்தான் கற்றேன். ஒரு தடவை ரொட்டிக் கடையில் நான் காசை நீட்டிக்கொண்டு நின்றும், அங்கிருந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் வந்தவருக்குக் கொடுத்தாள். நான் கறுப்பன் என்பதாலா என்று இவரிடம் கேட்டேன்.

“இல்லை அண்ணை. உள்ளுக்குப் போகேக்க ‘பொன்ழூர்’ எண்டு சொன்னீங்களோ?”

“இல்ல.”

“அதுதான். இங்க வணக்கம் சொல்லாட்டி நீங்கள் வரவே இல்லையெண்டுதான் அர்த்தம். கண்ணுக்கு முன்னால நிண்டாலும் ஆள் இல்லை.”

மறுநாள் சொன்னேன். அந்த அம்மா சிரித்து ரொட்டி கொடுத்தாள்.

அவரிடமே எதிர்வீட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் வீடு ஊருக்கு அந்தப் பக்கம்.

“அந்தக் கட்டடமோ? குளிருக்கு ஒருத்தரும் இருக்கிறேல்லை எண்டுதான் நான் நினைச்சன். ஏன் அண்ணை, பேயோ?”

நான் வெண்டைக்காயை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

“பேய் எண்டாலும் பயப்பிடாதேங்கோ. இந்த ஊர்ப் பேய் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாது.”

கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவரிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான்காவது வாரம். வேலை விட்டு வந்து படி ஏறிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல மூன்றாம் மாடியில் விளக்கு அணைந்தது. பொத்தானைத் தேடிச் சுவரைத் தடவினேன். அப்போது மேலே ஒரு கதவு திறந்து மூடியது. காலடி இறங்கி வந்தது.

விளக்கைப் போடவில்லை. தடுமாறவில்லை. பகலில் இறங்குகிற மாதிரி, ஒரே அளவாக, ஒவ்வொரு படியாக வந்தது. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். மூச்சை அடக்கிக்கொண்டேன். காலடி என் பக்கத்தில் வந்து நின்றது. ஒரு கை தூரம் இருக்கும். சோப்பு வாசனை அடித்தது.

“பொன்ஸ்வார்,” என்றது ஓர் ஆண் குரல்.

மாலை வணக்கம் என்று அர்த்தம். நான் திருப்பிச் சொல்லவில்லை. அது கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கிப் போய்விட்டது. பொத்தான் கையில் பட்டு விளக்கு எரிந்தபோது படியில் யாரும் இல்லை. கீழே தெருக்கதவு சாத்துகிற சத்தம் மட்டும் வந்தது.

இருட்டில் நான் நிற்பது அதற்கு எப்படித் தெரிந்தது? அதைத்தான் அன்று இரவு முழுக்க யோசித்தேன்.

நான் பயப்படுகிற ஆள் இல்லை. கப்பலின் அடித்தொட்டிக்குள் தனியாக இறங்கி வேலை பார்த்திருக்கிறேன். அங்கேயும் இருட்டுத்தான். ஆனால் அந்த இருட்டில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

ஒரு சனிக்கிழமை சோதித்துப் பார்த்தேன். ஒரு செருப்பைப் படி விளிம்பில் போட்டேன். இன்னொன்றைக் கதவு ஓரம் தள்ளிப் போட்டேன். உள்ளே வந்து கதவில் காதை வைத்து நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. கால் வலித்தது. அடுப்பில் சோறு வைத்திருந்தேன், போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வந்து கதவைத் திறந்தேன்.

இரண்டும் ஜோடியாக, சுவர் ஓரமாக, படியைப் பார்த்து இருந்தன.

எடுத்து உள்ளே வைத்திருக்கலாம். இன்று யோசித்தால் அதுதான் வழி. அன்றைக்குத் தோன்றவில்லை. என்ன அது என்று பார்த்துவிட வேண்டும் என்றுதான் தோன்றியது.

மறுநாள் ஞாயிறு. மத்தியானம் தக்காளி ரசம் வைத்தேன். இரண்டு தக்காளித் தகர டப்பா காலியானது. கழுவி, செருப்பின் மேல் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தேன். செருப்பைத் தொட்டால் தகரம் விழும். சத்தம் கேட்டதும் கதவைத் திறந்து பார்த்துவிடலாம். பேய்க்குத் தகரம் எதற்கு என்று எனக்கே தோன்றியது. ஆனாலும் வைத்தேன். செருப்பு அன்றைக்குப் படிக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை நகர்த்தவில்லை.

மணி நாலு இருக்கும். மழை. வெளியே ஒன்றும் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். உட்கார்ந்திருந்தேன்.

தகரம் விழுந்தது.

விழுந்து, படியில் உருண்டு போகிற சத்தம். அதோடு இன்னொன்றும் விழுந்தது. கனமானது. ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை இடித்தது. பிறகு சத்தமே இல்லை.

கதவைத் திறக்கத்தான் உட்கார்ந்திருந்தேன். கை தாழ்ப்பாள் வரை போனது. திறக்கவில்லை.

“மெஸ்யூ,” என்று ஒரு குரல் கேட்டது. ஐயா என்று அர்த்தம். வேலையிடத்தில் கேட்டுப் பழகிய சொல். குரல் கீழே இருந்து வந்தது. மெதுவாக, யாரையோ தூக்கத்திலிருந்து எழுப்புகிற மாதிரி இருந்தது.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். இருட்டில் யாராவது வெளியிலிருந்து கூப்பிட்டால் உடனே பதில் கொடுக்கக் கூடாது. மூன்று தடவை கூப்பிட வேண்டும். காத்து கறுப்பு இரண்டு தடவைதான் கூப்பிடும், மூன்றாவது தடவை கூப்பிட அதனால் முடியாது என்பார் அம்மா. நாங்கள் ஐந்தாம் புளோக்கில் இருந்தபோது மாமா ஒருவர் வந்து கதவைத் தட்டி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டு போன கதைகூட உண்டு. எல்லாரும் சிரிப்போம். ஆனால் யாரும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

நான் எண்ணினேன். ஒன்று.

“மெஸ்யூ.”

இரண்டு.

மூன்றாவதுக்காக நின்றேன். கை தாழ்ப்பாளில் இருந்தது. வரட்டும், வந்ததும் திறக்கிறேன் என்று நின்றேன். மழைச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு ரேடியோ கேட்டது. மூன்றாவது வரவில்லை.

வரவில்லை என்றதும் எனக்கு உறுதியாகிவிட்டது. உள்ளே போய்த் திருநீற்றை அள்ளி நெற்றியில், கழுத்தில் எல்லாம் பூசினேன். நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். அதில் உட்கார்ந்தேன்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத் தெரியும். மனைவி தினமும் அங்கே நாலரைக்குத்தான் கூப்பிடுவாள். சிங்கப்பூரில் அப்போது பதினொன்றரை. படுக்கப் போகுமுன் பேசுவாள். போன் அடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடத்துக்குக் குறையாது.

“என்னங்க, குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“வெளிய கூப்பிட்டுச்சு.”

“எது கூப்பிட்டுச்சு?”

சொன்னேன். தகரம், விழுந்த சத்தம், குரல், எல்லாம்.

“ஏங்க, புத்தி இருக்கா உங்களுக்கு? பேய் படியில உருளுமா? உருளுறதுக்கு அதுக்கு உடம்பு ஏது? யாரோ விழுந்து கிடக்கிறாங்க. எழுந்திரிச்சுக் கதவத் திறங்க லா!”

“மூணாவது தடவ கூப்பிடல.”

“மூணாவது தடவ கூப்பிட உசுரு இருக்க வேணாமா?”

அதுவரை இருந்த பயம் வேறு. இது வேறு.

“போனை வைக்காதீங்க,” என்றாள். “நான் இருக்கேன். திறங்க.”

நாற்காலியைத் தள்ளிக் கதவைத் திறந்தேன். பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது.

பத்துப் படி கீழே, படி திரும்புகிற இடத்தில் ஒரு பெரியவர் கிடந்தார். எண்பது வயது இருக்கும். நல்ல கோட்டு, கழுத்துத் துணி. ஒரு கால் கோணலாக இருந்தது. தகரம் ஒன்று அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்றது. கண் திறந்திருந்தது. விளக்கைப் பார்த்தபடி இருந்தது. நான் அவர் முகத்துக்கு நேராகப் போய்க் குனிந்தேன். கண் நகரவில்லை. செத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

“பொன்ஸ்வார், மெஸ்யூ,” என்றார். உதடு மட்டும் அசைந்தது. கண் என்னைத் தாண்டி விளக்கிலேயே நின்றது.

கோட்டுப் பையிலிருந்து வெள்ளைக் கோல் ஒன்று, மடித்தது, பாதி வெளியே வந்திருந்தது.

அப்போது விளக்கு அணைந்தது. நான் அங்கேயே இருட்டில் உட்கார்ந்துவிட்டேன். வெளிச்சம் இல்லாத ஜன்னல், விளக்குப் போடாமல் இறங்கிய காலடி, எல்லாம் அந்த இருட்டில்தான் விளங்கியது. கண் தெரியாதவருக்கு விளக்கு எதற்கு.

போனில் மனைவி, “யாருங்க? யாரு?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பட்டறையில் முதலுதவி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். விழுந்தவரை அசைக்கக் கூடாது. கம்பளி எடுத்து வந்து போர்த்தினேன். கை பனிக்கட்டி மாதிரி இருந்தது. அந்த ஊர் அவசர நம்பர் எனக்குத் தெரியாது. இலங்கைக்காரர் கடைக்குத்தான் ஓட வேண்டும், அது ஞாயிறும் திறந்திருக்கும்.

ஓடுவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். இதை இதுவரை என் மனைவிக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். இரண்டு தகரத்தையும் பொறுக்கி என் வீட்டுக் குப்பைக் கூடையில் போட்டேன். பிறகுதான் ஓடினேன்.

கடைக்காரர் போன் செய்துவிட்டுக் கடையை அப்படியே தன் மனைவியிடம் விட்டு என்னோடு வந்தார். தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். அங்கே ஆம்புலன்சுக்கும் அவர்கள்தான் வருவார்களாம். பெரியவரைக் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அதில் ஒருவர் என் தோளைத் தட்டி ஏதோ சொன்னார்.

“நல்ல காலம் நீங்கள் இருந்தீங்கள் எண்டு சொல்லுறார்,” என்றார் கடைக்காரர்.

அந்த வாரம் வேலை ஓடவில்லை. ஒரு இணைப்பை மூன்று தடவை கழற்றி மாட்டினேன். சனிக்கிழமை மத்தியானம் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழம் வாங்கிப் போனேன். வேறு என்ன வாங்குவது என்று தெரியவில்லை.

பெரியவர் உட்கார்ந்திருந்தார். இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. வலியிருந்தும் முகம் சவரம் செய்து சுத்தமாக இருந்தது. நாங்கள் யார் என்று கடைக்காரர் சொன்னதும் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். நிறையப் பேசினார். கடைக்காரர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

“உங்கட செருப்புப் பற்றிச் சொல்லுறார், அண்ணை. வந்த முதல் நாளே அவற்ற காலில தட்டுப்பட்டதாம். ஒண்டு ஒரு பக்கம், மற்றது படிப்பக்கம். இந்த மனுசன் புதுசு, படி பழக்கமில்லை, இருட்டில தடுக்கி விழப் போகுது எண்டு எடுத்துச் சுவர்ப் பக்கமா வச்சவராம். கால் நேரா செருப்புக்குள்ள போகட்டும் எண்டு திருப்பி வச்சவராம். ஒவ்வொரு நாளும் வெளிக்கிடேக்க அதைத்தான் முதல் பார்ப்பாராம்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அண்டைக்கு என்னவோ தெரியேல்லையாம், தொட்டதும் பெரிய சத்தமாம். திடுக்கிட்டுப் பின்னுக்குப் போனவராம். படி எங்க எண்டு ஒரு நாளும் மறந்ததில்லை, அண்டைக்கு மறந்திட்டன் எண்டு சொல்லுறார். தன்ர பிழையாம்.”

பெரியவர் சிரித்தார். பிறகு இன்னும் ஏதோ சொன்னார்.

“உங்களைக் கூப்பிட்டவராம். ரெண்டு தரம். பிறகு, நீங்கள் வெளியில போயிட்டீங்கள் போல எண்டு நினைச்சு விட்டிட்டாராம். மூச்சை வீணாக்காம, நீங்கள் திரும்பி வரும் வரைக்கும் வச்சிருப்பம் எண்டு இருந்தவராம். நீங்கள் வந்ததாலதான் உயிரோட இருக்கிறன் எண்டு சொல்லுறார்.”

பழப் பையை நான் இன்னும் கையில்தான் வைத்திருந்தேன். கீழே வைத்தேன்.

“அண்ணே, நான் சொல்றத அவர்கிட்ட அப்படியே சொல்லுங்க,” என்றேன். தகரம் வைத்ததைச் சொன்னேன். குரல் கேட்டதைச் சொன்னேன். மூன்றாவதுக்காகக் காத்திருந்ததைச் சொன்னேன்.

கடைக்காரர் என்னையே பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பெல்லாம் போய்விட்டது.

“இதை ஏன் சொல்லுறியள்? அந்த ஆளுக்கு ஒண்டும் தெரியாது. அவர் உங்களைக் கடவுள் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறார். அப்படியே இருக்கட்டும்.”

“சொல்லுங்க.”

“போலீசுக்கு அறிவிச்சா வேலை போகும், அண்ணை. விளங்குதே?”

“விளங்குது. சொல்லுங்க.”

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு சொன்னார். எவ்வளவு சொன்னார், எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் பெரியவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தகரம் பற்றிச் சொன்னபோதாக இருக்கும், புருவம் கொஞ்சம் உயர்ந்தது. சிரித்துவிடுவார் போலக்கூட இருந்தது. பேய் பற்றிச் சொன்னபோது உண்மையாகவே சிரித்தார். பிறகு கடைக்காரர் இன்னும் கொஞ்சம் சொன்னார். அதற்குப் பெரியவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்திருந்த பிடி தளரவும் இல்லை, இறுகவும் இல்லை. மறந்துபோய் அங்கேயே விட்டுவிட்ட மாதிரி இருந்தது.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். சின்னக் கேள்வி.

கடைக்காரர் என்னைப் பார்க்காமல் சொன்னார். “அப்ப நீங்கள் வீட்டிலதான் இருந்தனீங்களோ எண்டு கேக்கிறார்.”

நான் தலையை ஆட்டினேன்.

ஆட்டியது அவருக்குத் தெரியாது என்று பிறகுதான் உறைத்தது. அவர் பதிலுக்காகக் காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தார். கடைக்காரரும் பேசவில்லை. அதை நான்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டார்.

“வுய்,” என்றேன். ஆமாம் என்பதற்கு அந்த ஊர்ச் சொல். அவரோடு நான் பேசிய முதல் வார்த்தை அது. இத்தனை நாள் எதிர் எதிரே இருந்தும் ஒரு வணக்கம்கூடச் சொன்னதில்லை.

அவர் மெதுவாகத் தலையாட்டினார். கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு கடைக்காரரிடம் பழத்துக்கு நன்றி சொல்லச் சொன்னார். போலீசு வரவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் கிளம்புகிற வரை இன்னும் இரண்டு சனிக்கிழமை போனேன். இரண்டு தடவையும் மரியாதையாகப் பேசினார். செருப்பைப் பற்றிப் பேசவில்லை. கையைத் தேடவில்லை.

சிங்கப்பூர் வந்த பிறகு கடைக்காரர் ஒரு தடவை போன் செய்தார். பெரியவருக்கு நான்கு மாடி ஏற இனி முடியாது என்று வயதானவர்கள் இல்லம் ஒன்றில் சேர்த்துவிட்டார்களாம். அந்த வீட்டில் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறதாம். என்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாராம், வேறொன்றும் இல்லையாம்.

தேக்காவில் என்னோடு டீ குடிக்கிற ஆட்கள் அந்த ஊர் எப்படி என்று கேட்பார்கள். குளிர், ரொட்டி நல்லா இருக்கும், கடல் தினமும் போய்விட்டு வரும் என்பேன். அதோடு நிறுத்திக்கொள்வேன். ஆனால் செங்காங்கில் பக்கத்து வீட்டுக்காரர் யாராவது வாசலில் நின்று “வீட்ல இருக்கீங்களா?” என்று கேட்டால், “இருக்கேன்” என்று சொல்வதற்கு எனக்கு இன்றைக்கும் ஒரு நொடி தைரியம் தேவைப்படுகிறது.